நோய் பரவும் காலத்தில் பொய் ஏன் அதைவிட வேகமாகப் பரவுகிறது?

கேள்வி இதுதான்: பெருந்தொற்று மாதிரி ஒரு நெருக்கடி வரும்போதெல்லாம் பொய்த் தகவல்கள் ஏன் இப்படிப் பரவுகின்றன? நன்றாகப் படித்தவர்களே நம்பி அனுப்புகிறார்களே, எப்படி? அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தால் நின்றுவிடாதா? வீட்டில் இதையெல்லாம் நம்புகிறவர்களிடம் என்ன பேசுவது?

கடைசிக் கேள்விக்குத்தான் பலருக்கும் அவசரமாகப் பதில் வேண்டும். ஆனால் முன்னால் இருக்கும் மூன்றையும் தாண்டிக் குதித்து அதற்கு வந்தால், ‘பொய் என்று நிரூபிக்கும் இணைப்பை அனுப்புங்கள்’ என்று சொல்வதோடு பதில் முடிந்துபோகும். அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்று அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் மனத்தில் நியாயமான ஒரு கேள்வி இருக்கும். அதற்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது பதில் சொல்கிறவர்மேல் நம்பிக்கை இருக்காது, அந்த அவநம்பிக்கைக்கும் பெரும்பாலும் ஒரு பழைய காரணம் இருக்கும். அந்தக் காலி இடத்தில்தான் பொய் குடியேறுகிறது. மக்களின் முட்டாள்தனத்தை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் இந்தக் காலி இடத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

2020 மார்ச்சில் உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். அநேகமாக உங்களுக்கும் வந்திருக்கும். காலையில் எழுந்ததும் மூச்சை நன்றாக இழுத்து 10 விநாடி பிடித்துக்கொள்ளுங்கள். இருமல் வராவிட்டால் நுரையீரலில் தொற்று இல்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். வாயில் வைரஸ் இருந்தாலும் தண்ணீர் அதை வயிற்றுக்குள் தள்ளிவிடும், அங்கே அமிலம் அதைக் கொன்றுவிடும். சில பிரதிகளில் இது ஸ்டான்ஃபோர்ட் மருத்துவமனையின் அறிவுரை. சிலவற்றில் ஜப்பானிய மருத்துவர்களின் அறிவுரை. இன்னும் சிலவற்றில், முதுகலைப் பட்டம் பெற்ற யாரோ ஒருவருடைய மாமா சொன்னது. ஸ்டான்ஃபோர்ட் தரப்பு, இது எங்களிடமிருந்து வந்ததல்ல என்று மறுத்தும் அது நிற்கவில்லை.

மருத்துவரீதியாக இதைத் தள்ளுவது சுலபம். தொற்று உள்ள பலரால் சாதாரணமாக 10 விநாடி மூச்சைப் பிடிக்க முடியும். வைரஸ் முக்கியமாக மூக்கு வழியாக, மூச்சுக் காற்றோடு உள்ளே போகிறது. தண்ணீர் குடித்து அதைக் கழுவிவிட முடியாது. சரி, அது ஒரு பத்தி வேலை. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. அந்த மாதத்தில் பல நாடுகளில் பரிசோதனை செய்துகொள்ள வழியே இல்லை. ‘எனக்கு வந்திருக்கிறதா, இல்லையா?’ என்று கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரபூர்வமான பதில், ‘அறிகுறி தீவிரமானால் மட்டும் வாருங்கள்’. இந்தச் செய்தியோ கையில் ஒரு பரிசோதனையையே கொடுத்தது. இலவசம், 10 விநாடி, முடிவு உடனே.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். செய்திக்கு நடுவே கையை சோப்பு போட்டு அடிக்கடி கழுவுங்கள் என்றும் இருந்தது. அது சரியான அறிவுரைதான். சரியான வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் தவறான வரிக்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது. அப்புறம் அந்த வயிற்று அமிலம். இரைப்பையில் அமிலம் இருக்கிறது, அது கிருமிகளைக் கொல்லும் என்பது பள்ளிப் பாடத்தில் வருவது. படித்தவர்களை இந்தச் செய்தி வளைத்துப் பிடித்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பாடப்புத்தக வாசனை அடித்தால் நமக்குள் இருக்கும் சந்தேகக்காரன் தூங்கப் போய்விடுகிறான். படிப்பு ஓரளவு காக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே நம்ப விரும்பும் ஒன்றுக்கு நல்ல காரணங்களைத் தேடிக் கொடுப்பதிலும் அதே படிப்புதான் உதவுகிறது.

கடைசியாக, ‘அனுப்புவதில் என்ன நஷ்டம், பலன் இருந்தால் இருக்கட்டுமே’ என்ற கணக்கு. நஷ்டம் இருந்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்து ‘தேர்ச்சி’ பெற்ற ஒருவர், தொற்றோடு தைரியமாக வெளியே நடமாடினார் என்றால் அதுதான் நஷ்டம். (நானும் அந்த மாதத்தில் ஒரு செய்தியைப் பாதி படித்துவிட்டு அனுப்பி, மீதியைப் படித்ததும் அவசரமாக அழித்தேன். இந்த மாதிரி விஷயங்களைப் பல வருடங்களாகப் படிக்கிறவன் என்ற பெருமை அன்றைக்கு உதவவில்லை.)

வேகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய, உண்மை அல்லது பொய் என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை எடுத்துப் பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளின் வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவை உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பியிருந்தன. வித்தியாசத்தை உண்டாக்கியது மனிதர்கள். பொய்ச் செய்திகளில் புதுமை அதிகம், அவற்றுக்கு வந்த பதில்களில் ஆச்சரியமும் அருவருப்பும் அதிகம். உண்மைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பொய்க்கு அந்தத் தொல்லை கிடையாது. கேட்கிறவருக்குப் பிடித்த மாதிரி கை கால் முளைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பகிரும்போது நாம் ‘இது உண்மையா?’ என்ற கேள்வியையே பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. 2020இல் கோவிட் செய்திகளை வைத்து நடந்த சோதனைகளில், ‘இது சரியான செய்தியா?’ என்று கேட்டால் மக்கள் ஓரளவு நன்றாகவே பிரித்துச் சொன்னார்கள். ‘இதைப் பகிர்வீர்களா?’ என்று கேட்டபோது அந்தப் பகுத்தறிவு ஒதுங்கி நின்றது. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை. ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் உண்மை போலத் தோன்றும் என்பது 1977 ஆய்விலேயே வந்துவிட்டது. ஆறு குழுக்களிலிருந்து ஒரே செய்தி வந்தால் ஆறு சாட்சிகள் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. நெருப்பில்லாமல் புகையுமா என்று மனம் கேட்கிறது.

பல சமயம் உண்மையிலேயே எங்கோ ஒரு நெருப்பு இருக்கிறது. சமோவாவில் நடந்தது அப்படித்தான்.

சமோவா பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சிறிய தீவு நாடு, மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலையில் அங்கே ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்துபோயின. தடுப்பூசித் தூளைத் தண்ணீரில் கலப்பதற்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்வு மருந்தில் கலந்துவிட்டார்கள் செவிலியர்கள். தடுப்பூசியில் குற்றமில்லை, கலந்த கையில் குற்றம். ஆனால் அன்றைக்கு யாருக்கும் இது தெரியாது. அரசு தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. விசாரணை முடிந்து, செவிலியர்கள் தண்டனை பெற்றது 2019 ஆகஸ்ட்டில்.

நடுவே இருந்த அந்த நீண்ட மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தாய் கேட்கிறாள்: ‘ஊசி போட்டதும் குழந்தை இறந்ததே, ஏன்?’ இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. அரசிடமிருந்து தெளிவான பதில் இல்லை, விசாரணை நடக்கிறது. தடுப்பூசி எதிர்ப்பாளர்களிடம் மட்டும் பதில் தயாராக இருந்தது. ஊசியே விஷம் என்றார்கள். வெளிநாடுகளிலிருந்தும் அதற்கு ஆதரவு வந்தது. அந்த ஆண்டில் முதல் தவணை போட்ட குழந்தைகளின் விகிதம் சுமார் 31 சதவீதமாகச் சரிந்தது. 2019 கடைசியில் நியூசிலாந்து வழியாகத் தட்டம்மை வந்து இறங்கியது. 5,700க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே இருந்த குழந்தைகள். டிசம்பரில் அரசு இரண்டு நாள் எல்லா அலுவலகங்களையும் மூடி, ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. ஊசி போட வேண்டியவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். சில வாரங்களில் விகிதம் 90ஐத் தாண்டியது.

இதில் யாரைப் பொய்யர் என்று சொல்வீர்கள்? ஊசியே விஷம் என்று பிரசாரம் செய்தவர்களைக் கட்டாயம் சொல்லலாம். பயந்த தாயைச் சொல்ல முடியாது. அவள் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் முடிவெடுத்தாள். இரண்டு குழந்தைகள் எப்படி இறந்தன என்று வாராவாரம், தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து யாராவது சொல்லியிருந்தால் அந்தக் காலி இடம் அவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

சமோவாவில் நெருப்பு நிஜமாகவே இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் உண்டு. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும் வயதும், தட்டம்மைத் தடுப்பூசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்று. இந்தத் தற்செயலின் மேல்தான் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1998இல் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். லான்செட் என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்கு நடத்திய வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவருக்கு 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருந்தது என்பதும், குழந்தைகளின் விவரங்கள் திரிக்கப்பட்டிருந்தன என்பதும் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டி எடுத்தபிறகுதான் தெரிந்தது. 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, வேக்ஃபீல்ட் மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமையும் பறிபோனது. இடையில் 12 வருடம். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளிவந்த ஆய்வில் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 12 குழந்தைகள் இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நம்பி, நல்லெண்ணத்தோடு தப்பான விஷயத்தைப் பரப்புவது ஒரு வகை. பொய் என்று தெரிந்தே, லாபத்துக்காகவோ அரசியலுக்காகவோ உருவாக்குவது இன்னொரு வகை. நடைமுறையில் இரண்டாவது வகையை ஒரு கை தொடங்கும், முதல் வகையாக லட்சம் கைகள் கடத்தும்.

தெரிந்தே செய்ததற்கு ஆவணப்பட்ட உதாரணம் எய்ட்ஸ் பற்றியது. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்த ‘பேட்ரியட்’ என்ற பத்திரிகையில் ஒரு மொட்டைக் கடிதாசி வெளியானது. எழுதியவர் பெயர் இல்லை, புகழ்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியது என்றது கடிதம். அது சோவியத் உளவுத் துறையின் வேலை. இரண்டு வருடம் சும்மா கிடந்த அதை 1985இல் சோவியத் வார இதழ் ஒன்று, ‘இந்தியப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது’ என்று மேற்கோள் காட்டி எடுத்துப் போட்டது. தானே ஓரிடத்தில் நட்டு, தானே போய்ப் பறித்துக் காட்டும் வித்தை. பிறகு கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் உயிரியற்பியல் பேராசிரியர் அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டார். 1987க்குள் 80க்கும் மேற்பட்ட நாடுகளில், 30க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது. 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறைத் தலைவர் யெவ்கெனி பிரிமகோவ் இது தங்கள் தரப்பு வேலை என்று ஒப்புக்கொண்டார்.

ஏன் இது இவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டது? ஃபோர்ட் டெட்ரிக்கில் 1969 வரை கிருமி ஆயுத ஆராய்ச்சி நடந்தது உண்மை. டஸ்கீகி என்ற ஊரில் அமெரிக்க பொதுச் சுகாதாரத் துறை, மேகப்புண் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்ததும் உண்மை. அதைக் கேள்விப்பட்ட ஒரு கறுப்பின அமெரிக்கரிடம் போய், ‘உங்கள் அரசு இப்படியெல்லாம் செய்யாது’ என்று எந்த முகத்தோடு சொல்வது? கடிதம் எழுதியவர்களுக்கு எங்கே காயம் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான் அவர்கள் திறமை.

காயம் என்றதும் நைஜீரியாவின் கானோ நினைவுக்கு வருகிறது. 2003இல் அந்த மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. மருந்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருளும் எச்.ஐ.வி.யும் கலந்திருக்கின்றன என்று பேச்சு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். ஏழு வருடம் முன்னால், 1996இல், அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவிய நேரத்தில் ஃபைசர் நிறுவனம் 200 குழந்தைகளை வைத்து ஒரு புதிய மருந்தைச் சோதித்தது. பதினொரு குழந்தைகள் இறந்தன. பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் வாங்கவில்லை என்று வழக்குகள் நடந்தன. நிறுவனம் தவறை மறுத்தது, இறப்புக்கு நோய்தான் காரணம் என்றது. 2009இல் கானோ மாநில அரசோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சொட்டு மருந்தைப் பற்றிய பேச்சு பொய். வெளிநாட்டு மருந்தைப் பார்த்துப் பயந்ததற்கு ஊரில் காரணம் இருந்தது. தடை சுமார் 11 மாதம் நீடித்தது. அதற்குள் அங்கிருந்து கிளம்பிய போலியோ வைரஸ், நோயை ஏற்கெனவே விரட்டியிருந்த பல நாடுகளில் மறுபடி நுழைந்தது. ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாததை ஒரு மாற்றம் செய்தது: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்தார்கள். 2004 ஜூலையில் திட்டம் மறுபடி தொடங்கியது.

பாகிஸ்தானில் வேலியே பயிரை மேய்ந்தது. பின் லேடன் இருக்கும் இடத்தை உறுதிசெய்ய, அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் அமெரிக்க உளவு அமைப்பு ஒரு நாடகம் நடத்தியது. 2011இல் அது வெளியானது. தடுப்பூசிக்காரர்கள் உளவாளிகள் என்ற பழைய வதந்திக்கு இப்படி ஒரு முத்திரையடித்த சான்றிதழ் கிடைத்துவிட்டது. அடுத்த வருடங்களில் போலியோ ஊழியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனிமேல் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை வந்ததே, அதைச் சொல்கிறேன்.

சரி, அரசு தடுத்தால் நிற்காதா?

முதலில், அரசே பொய்யின் பக்கம் நின்ற சந்தர்ப்பங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தாபோ எம்பெக்கி அதிபராக இருந்தபோது, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்பதையே சந்தேகித்தார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சையைச் சிபாரிசு செய்தார். மருந்து தாமதமானதால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். அங்கே ‘அதிகாரபூர்வத் தகவலை மட்டும் நம்புங்கள்’ என்ற அறிவுரை என்ன ஆகியிருக்கும்?

இரண்டாவது, கோவிட் முதலில் தெரியவந்த சீன நகரமான வூகானின் கண் மருத்துவர் லி வென்லியாங் கதை. 2019 டிசம்பர் 30 அன்று கூடப் படித்த மருத்துவர்களின் குழுவில், உள்ளூர்க் கடலுணவுச் சந்தையோடு தொடர்புடைய ஏழு பேருக்கு சார்ஸ் (2003இல் பரவிய மூச்சுத் தொற்று) வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று எழுதினார். 2020 ஜனவரி 3 அன்று காவல் துறை அவரைக் கூப்பிட்டு, பொய்யான கருத்துகளைச் சொன்னதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்துபோனார். மார்ச்சில் கண்டனத்தைத் திரும்பப் பெற்று, குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம்: அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரியில்லை. அது சார்ஸ் இல்லை, அதற்கு உறவான புது வைரஸ். பிறகு அவரே, எந்த வகை என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திருத்தினார். நோய் தொடங்கும் நாட்களில் முழு உண்மை யாரிடமும் இருக்காது. ‘நிரூபிக்கப்படாததைச் சொன்னால் தண்டனை’ என்று ஒரு சட்டம் போட்டால், முதலில் மாட்டுகிறவர் இப்படிப்பட்ட மருத்துவர்தான். மெத்தனால் என்ற விஷம் கலந்த சாராயத்தை விற்கிறவன் அகப்படுவதற்கு நாளாகும். அதே வருடம் ஈரானில் மது குடித்தால் வைரஸ் சாகும் என்று நம்பி, மெத்தனால் கலந்ததைக் குடித்துப் பல நூறு பேர் செத்தார்கள். அதனால் தடுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. விஷத்தை மருந்து என்று விற்கிறவனை உள்ளே தள்ள வேண்டும். பயத்தில் கேள்வி கேட்கிறவரையும் அவனோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடிப் பார்த்த காலமும் உண்டு. 1918 காய்ச்சல் வந்தபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போரிட்ட நாடுகள் செய்தித் தணிக்கையில் நோயை அமுக்கின. நடுநிலை நாடான ஸ்பெயினின் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின. உண்மையை எழுதியதற்குக் கிடைத்த பரிசு, உலகம் இன்றுவரை அதை ‘ஸ்பானிஷ் காய்ச்சல்’ என்கிறது.

உள்ளடக்கத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வழி எனக்குப் பிடிக்கும். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்தது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனம் சொன்னது. எது உண்மை, எது பொய் என்று அங்கே யாரும் நீதிபதியாக உட்காரவில்லை. வழியில் ஒரு வேகத்தடை போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பெரிய ஓட்டை அதிகாரபூர்வமான பேச்சிலேயே இருந்தது. 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்றார். பொதுமக்களுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் அவர்களுக்கும் நமக்கும் ஆபத்து என்று ஒரே மூச்சில். எனக்குப் பயன்படாத பொருள் மருத்துவருக்கு மட்டும் எப்படிப் பயன்படும் என்று குழந்தைகூடக் கேட்கும். ஐந்து வாரத்தில் அதே நாட்டு நோய்த் தடுப்பு மையம் எல்லாரும் துணிக் கவசம் அணியுங்கள் என்றது. மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று ‘உண்மை’ முத்திரையோடு பதிவிட்டது. காற்றில் பரவுகிறது என்பதைப் பிறகு மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது. ‘கவசம் பற்றாக்குறை, தயவுசெய்து மருத்துவர்களுக்கு விட்டுக்கொடுங்கள், காற்றில் பரவுகிறதா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். மக்கள் அதைத் தாங்கியிருப்பார்கள். உறுதியாகச் சொல்லிவிட்டு மாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தப் பெருக்கத்துக்கு ‘தகவல் கொள்ளைநோய்’ என்ற பொருளில் ஒரு பெயர் 2003 சார்ஸ் காலத்திலேயே வந்துவிட்டது. 2020இல் அதை உலகப் பிரபலமாக்கியது இதே உலகச் சுகாதார நிறுவனம்தான்.

பலித்தது என்ன என்று பார்த்தால், எபோலாவிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆரம்பத்தில் ஒட்டிய சுவரொட்டிகள் ‘எபோலாவுக்கு மருந்து இல்லை’ என்றன. உண்மைதான். மக்கள் அதிலிருந்து தர்க்கப்படியே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மருந்து இல்லை என்றால் மருத்துவமனைக்கு எதற்கு? வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், நோய் வீட்டுக்குள் பரவியது. போனவர்களோ பிணமாகத்தான் திரும்பினார்கள், சில நேரம் பிணமும் வரவில்லை. உடலுறுப்பைத் திருடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அந்த செப்டம்பரில் கினியாவின் வோமே கிராமத்துக்கு விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்யும் முறையை மாற்றிய பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது: குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், எந்தக் குழி என்று தெரியும்படி அடையாளம் இருக்கும்.

காங்கோவில் 2018இல் மறுபடி எபோலா வந்தபோது பெனி, புடெம்போ நகரங்களில் 961 பேரிடம் கேட்டார்கள். நான்கில் ஒருவர் நோயே இல்லை என்றார். அங்கே ஒரு மருத்துவ அமைப்பு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுவர் கொண்ட தனி அறைகளைக் கொண்டுவந்தது. மருத்துவர் வெளியே நின்றபடியே சுவரில் பொருத்திய கையுறைக்குள் கையை விட்டு ஊசி போடலாம். மகன் உள்ளே படுத்திருக்கிறான், அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள், பேசுகிறாள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் ‘இது பொய்’ என்று போடாதீர்கள். அனுப்பியவருக்கு அது அவமானம், அதற்கப்புறம் அவர் வாதாடுவது தன் மானத்துக்காகத்தான். தனியாகக் கூப்பிடுங்கள். ‘இதில் எது உங்களுக்குப் பயமாக இருந்தது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்தியில் இல்லாத ஒன்று வெளியே வரும்: போன தடவை ஊசி போட்டபோது வந்த காய்ச்சல், மருத்துவமனையில் யாரோ அலட்சியமாகப் பேசியது. அதற்குப் பதில் சொல்லுங்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யைத் தொட வேண்டியிருந்தால் ஒருமுறை மட்டும் தொட்டு, மறுபடி உண்மைக்கு வந்துவிடுங்கள். திரும்பத் திரும்ப மறுத்தால் மறுக்கப்படும் வாக்கியமும் மனத்தில் தங்கிவிடலாம். திருத்தினால் இன்னும் இறுகிவிடுவார்கள் என்று முன்பு ஆய்வாளர்கள் பயந்தார்கள்; பின்னால் வந்த ஆய்வுகளில் அப்படி நடப்பது அபூர்வம் என்று தெரிந்தது. திருத்தம் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் ஒரு தடவையில் முடியாது.

அவர் ‘சரி, அப்படியென்றால் இது எப்படி?’ என்று அடுத்த கேள்விக்குப் போனால் பேச்சு நன்றாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை, விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மறக்காமல் நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.